மூத்த மாப்பிள்ளையின் த்ராட்டில் பாடி

ஜூலை 14, ஞாயிறு

இந்த டைரி கம்பெனி கொடுத்தது. அட்டையில் எங்கள் ஐந்து குதிரைசக்தி பம்ப் படம் போட்டிருக்கிறது. ஆறு மாதமாகப் பால் கணக்குக்கூட எழுதாமல் சும்மா கிடந்தது. இன்று நடந்ததை எங்காவது சொல்லியாக வேண்டும். வீட்டில் சொன்னால் எதிர்க்கேள்வி வரும். டைரி கேள்வி கேட்காது.

காலையில் கோத்தகிரிக்கு, மாமனார் வீட்டுக்குக் கிளம்பினோம். நான், சுகந்தி, பின் சீட்டில் மிருதுளா. மேட்டுப்பாளையம் வரை வண்டி தங்கமாக வந்தது. மலை ஏற ஆரம்பித்ததும் முக்க ஆரம்பித்தது. முதலில் ஒரு பால் வண்டி முந்தியது. பிறகு கவர்மெண்ட் பஸ். அதற்குப் பிறகு என் சகலை குழந்தைவேலு.

குழந்தைவேலு திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான். சுகந்தியின் தங்கை வசந்தாமணியின் புருஷன். போன மாதம்தான் கப்பல் போல ஒரு கார் வாங்கினான். முந்தும்போது ஹாரன் அடித்தது போதாதென்று, வசந்தாமணி ஜன்னலைத் திறந்து எங்களுக்குக் கை காட்டினாள். ஊருக்குப் போகிற ரயிலில் இருந்து காட்டுவார்களே, அப்படி.

"அப்பா, ஒரு நாயும் நம்மள முந்திருச்சு" என்றாள் மிருதுளா. அது இறக்கத்தில் வந்த நாய். எதிர்ப்பக்கம் போனது. குழந்தைக்குத் தெரியவில்லை.

"ஏனுங்க, செகண்ட்ல போடுங்க. ஏசிய அமத்துங்க" என்றாள் சுகந்தி.

மூன்றாவது கியரில் ஏறினால் பெட்ரோல் மிச்சம். பதினோரு வருடமாக அப்படித்தான் ஏறுகிறேன். இவளுக்கு லைசென்ஸ் இருக்கிறது, அவ்வளவுதான். நான் அவளுக்கு மலையில் வண்டி கொடுத்ததில்லை, அவள் நன்மைக்காகத்தான். ஓட்டுகிறவனுக்கு ஆயிரம் கணக்கு இருக்கும் என்று மட்டும் சொன்னேன்.

போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் டிபன் முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். மாமனார் நாச்சிமுத்து ஆகஸ்ட் 25ஆம் தேதி தனக்கு அறுபதாம் கல்யாணம் என்று அறிவித்தார். மேலே முருகன் கோவிலில் வைத்து. அவர்கள் வீட்டு வழக்கப்படி, அறுபதாம் கல்யாணத் தம்பதியை வீட்டிலிருந்து கோவிலுக்குத் தன் வண்டியில் வைத்து ஓட்டிப் போக வேண்டியவன் மூத்த மாப்பிள்ளை. மாமனாரின் அப்பாவுக்கு வில்வண்டியாம். மூத்த மாப்பிள்ளை என்றால் நான். தெய்வசிகாமணி.

நான் நிமிர்ந்து உட்காருவதற்குள் குழந்தைவேலு வாயைத் திறந்தான். "எதுக்குங்ணா ரிஸ்க்கு? கோயில் ரோடு இன்னும் செங்குத்துங்க. என்ற வண்டில கூட்டீட்டுப் போயிரலாம்."

மாமனார் மறுப்பார் என்று பார்த்தேன். "பாப்போம்" என்றார்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாப்போமாம்!

ஜூலை 16, செவ்வாய்

கம்பெனியில் நான் தரப் பரிசோதனைப் பிரிவு. ஒரு பம்ப் தண்ணீர் குறைவாக எடுத்தால் என்ன செய்வோம்? உள்ளே தண்ணீர் போகிற வழியைத் தேய்த்து வழுவழுப்பாக்குவோம். தண்ணீர் கூடும். இதில் எனக்குப் பதினெட்டு வருட அனுபவம்.

கார் மட்டும் என்ன, காற்றை இழுக்கிற பம்ப்தானே? மதியச் சாப்பாட்டின்போது செல்லில் தேடினேன். நான் நினைத்ததையே உலகம் முழுவதும் செய்துகொண்டிருக்கிறார்கள். எஞ்சினின் வாயில் த்ராட்டில் பாடி என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. உருளையான ஓட்டை. அதற்குள் கதவு போல ஒரு வட்டத் தகடு. ஆக்சிலேட்டரை மிதித்தால் தகடு திறந்து காற்று உள்ளே போகும். அந்த ஓட்டையைத் தேய்த்து அகலப்படுத்தி, தகட்டை மெலிதாக்கினால் காற்று கூடும். காற்று கூடினால் இழுவை கூடும். வீட்டிலேயே செய்யலாமாம். ஒரு வெளிநாட்டுக்காரர் சட்டைகூடப் போடாமல் செய்து காட்டுகிறார்.

சுகந்தியிடம் சொன்னேன். "நல்லா ஓடற வண்டியவா?" என்றாள். கணக்கு டீச்சர். காற்றோட்டம் எல்லாம் அவள் பாடத்தில் வராது.

ஜூலை 17, புதன்

உப்புத்தாள் மூன்று தரத்தில் வாங்கினேன். கடைக்காரர் கதவுக்கா ஜன்னலுக்கா என்று கேட்டார். சிரித்துக்கொண்டேன்.

ஜூலை 20, சனி

கழற்றிவிட்டேன்!

காற்றுக் குழாய், ஆக்சிலேட்டர் கம்பி, பிறகு நான்கு போல்ட். பக்கத்தில் இருந்த சின்ன ரப்பர் குழாயையும் இழுத்தேன். அதில் எஞ்சினைக் குளிரவைக்கிற பச்சைத் தண்ணீர் ஓடுகிறது என்று அந்த வெளிநாட்டுக்காரர் சொல்லியிருந்தாராம். நான் வீடியோவில் அந்த இடத்தை ஓட்டிவிட்டுப் பார்த்திருக்கிறேன். வேட்டி முழுக்கப் பச்சை. சுகந்தி வாளியில் ஊறவைத்தாள்.

த்ராட்டில் பாடி கைக்கு அடக்கமாக இருக்கிறது. உட்புறம் வட்டமாகக் கறுப்பாகப் படிந்திருக்கிறது. பதினோரு வருட அழுக்கு. காற்று எப்படிப் போகும்?

ஜூலை 21, ஞாயிறு

நாள் முழுக்கத் தேய்த்தேன். டிரில்லிங் மெஷின் நுனியில் உப்புத்தாளைச் சுற்றி, உள்ளே விட்டு. அந்தக் கறுப்பு சாதாரணமாகப் போகவில்லை, பூச்சு போலப் பிடித்துக்கொண்டிருந்தது. விடவில்லை நான். தகட்டின் விளிம்பையும் மெலிதாக்கினேன். வேலை முடிந்து தகட்டை மூடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், மூடிய பிறகும் சுற்றிலும் பிறை போல மெல்லிய வெளிச்சம் தெரிகிறது. பார்க்க அழகாக இருந்தது.

கம்பெனியில் சோதித்த பம்புகளில் சோதித்தவர் பெயரெழுத்தைப் பொறிப்போம். கை சும்மா இருக்குமா? பக்கவாட்டில் 'தெ.சி.' என்று பொறித்தேன்.

சுகந்தி வழக்கம்போல நான் எழுவதற்குள் சந்தைக்குப் போய்விட்டு வந்திருந்தாள். தேங்காய் ஒரு சாக்கு, பூசணிக்காய் இரண்டு, வாழைத்தார் ஒன்று என்று கொண்டுவருபவள் இன்று அரைக் கிலோ கத்தரிக்காயோடு வந்தாள். கேட்டால் "இன்னைக்கு ஸ்கூட்டர்லங்க" என்றாள். என்றைக்கும் ஸ்கூட்டரில்தானே போகிறாள்?

ஜூலை 24, புதன்

மாமியார் ராமாத்தாள் கோத்தகிரியிலிருந்து வந்திருக்கிறார். விழாவுக்குப் பட்டெடுக்க. வெள்ளி வரை இருப்பார். கார் எங்கே என்று கேட்டார். சர்வீஸில் இருக்கிறது என்றேன். போர்டிகோவில் நிற்கிற காரைப் பார்த்துவிட்டு, அப்படிங்களா மாப்ள என்றார். மாமியார் மரியாதை தெரிந்தவர்.

ஜூலை 26, வெள்ளி

என்ன சொல்வது? எப்படிச் சொல்வது?

த்ராட்டில் பாடியைச் சமையலறை மேடையில் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் ஊறவைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தேன். மாமியாருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வெள்ளிக்கிழமை என்று பூஜை சாமான்களைத் தேய்க்க எடுத்திருக்கிறார். குத்துவிளக்கு, தூபக்கால், மணி, அதோடு என்னுடைய த்ராட்டில் பாடி. புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால் உள்ளும் புறமும்.

நான் வரும்போது அது சாமி படத்துக்கு முன்னால் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஜொலித்துக்கொண்டிருந்தது. பொட்டு வேறு வைத்திருந்தார்.

"அழுக்குப் புடிச்சுக் கெடந்துதுங் மாப்ள. ஊதுவத்தி ஸ்டாண்டுங்களா? உங்க பேரெல்லாம் போட்டு நல்லா இருக்குது. இதாட்ட எனக்கும் ஒண்ணு கெடைக்குமுங்களா?"

மருமகன் மாமியாரிடம் கோபப்பட முடியாது. ஆமாங்க, கிடைக்குமுங்க என்றேன். சமையலறைக்குள் சுகந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இருமலாம்.

யோசித்துப் பார்த்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. கண்ணாடி போல ஆகிவிட்டது. காற்று வழுக்கிக்கொண்டு போகும்.

ஜூலை 28, ஞாயிறு

மாட்டினேன்.

எஞ்சினுக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவில் வைக்கிற அட்டை, கழற்றும்போது கிழிந்துபோயிருந்தது. கேஸ்கெட் என்பார்கள். கடையில் போய்க் கேட்டால் எதற்கு என்பான், சொன்னால் ஊரெல்லாம் சொல்வான். அறுபதாம் கல்யாணப் பத்திரிகை வந்து கட்டாக இருந்தது. நல்ல தடித்த அட்டை. பிள்ளையார் இருந்த பக்கத்தை வெட்ட மனசு வரவில்லை. மாமனார், மாமியார் பெயர் இருந்த பக்கத்தில் ஓட்டை போட்டு, கொஞ்சம் கிரீஸ் தடவி வைத்தேன். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது.

எல்லாம் முடிந்தபோது கையில் ஒரு போல்ட் மிச்சம். இது வழக்கம்தான். எங்கள் கம்பெனியில்கூட மிஞ்சும். பேனா ஸ்டாண்டில் போட்டு வைத்தேன்.

சாவியைத் திருப்பினேன். கல்யாண மண்டப ஜெனரேட்டர் போல ஒரு சத்தம். எதிர்வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை. என்ன பவர்!

ஜூலை 29, திங்கள்

காரில் வேலைக்குப் போனேன். வீட்டிலிருந்து கம்பெனி வரை ஆக்சிலேட்டரை மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. பிரேக்கை மட்டும்தான் மிதித்தேன். அதைக் கெட்டியாக மிதிக்க வேண்டியிருந்தது.

சிக்னலில்தான் கொஞ்சம் சங்கடம். நிற்கும்போது எஞ்சின் உறுமுகிறது. முன்னால் ஸ்கூட்டரில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்து, "செவப்பு போட்டிருக்குதுங்க தம்பி, எங்க போகச் சொல்றீங்க?" என்றார். நான் ஒன்றுமே செய்யவில்லை என்று கையை விரித்துக் காட்டினேன். அதை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். இடப்பக்கம் பைக்கில் இருந்த பையன்கள் இரண்டு பேர் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டி, அவர்களும் உறுமினார்கள். பச்சை விழுந்ததும் பந்தயம். நான் கலந்துகொள்ளவில்லை. ஆனால் ஜெயித்தேன்.

ஜூலை 31, புதன்

பெட்ரோல் முள் இறங்குகிறது. வெயில் காரணமாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 3, சனி

குழந்தைவேலு பத்திரிகை வைக்கிற வேலையாகக் கோயமுத்தூர் வந்தவன் வீட்டுக்கும் வந்தான். நானே வலியச் சொன்னேன், வண்டியில் கொஞ்சம் வேலை பார்த்திருக்கிறேன், வா ஒரு சுற்று போகலாம் என்று.

தெருமுனை திரும்பும்வரை பேசிக்கொண்டு வந்தான். பிறகு மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"ஏனுங்ணா, ஆக்சிலேட்டர விடுங்ணா."

"விட்டுத்தான் இருக்கிறேன்."

"வெளையாடாதீங்ணா. மாடு நிக்குது!"

என் வலது காலைத் தூக்கிக் காட்டினேன். அதைப் பார்த்ததும் அவன் "அய்யோ, காலக் கீழ வெய்யுங்ணா, பிரேக்குல வெய்யுங்ணா" என்று கத்தினான். மாடு பெருந்தன்மையாக நகர்ந்துகொண்டது.

இறங்கும்போது அவன் முகம் வெளுத்திருந்தது. பொறாமை என்று நினைக்கிறேன். சுகந்தி அவனுக்கு மோர் கொடுத்தாள். இரண்டு டம்ளர் குடித்தான்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மாமனார் போன் செய்தார்.

"ஏனுங் மாப்ள, உங்க வண்டி தானாப் போகுதாமா?"

பவர் கூடியிருக்கிறது மாமா என்று விளக்க ஆரம்பித்தேன். காற்று உள்ளே போகிற வழியைப் பற்றி நான் பாதி சொல்வதற்குள் அவர் குறுக்கிட்டார்.

"எனக்கு அதெல்லாம் வெளங்காதுங் மாப்ள. அறுவது வயசாச்சு. அன்னைக்கு ஒரு நாள் நல்லபடியா மேல போயிச் சேந்தாப் போதும். இருவத்தஞ்சுக்குள்ள வண்டி சரியாச்சுன்னா உங்க வண்டி. இல்லீன்னா சின்ன மாப்ள வண்டியவே வெச்சுக்கலாமுங். நீங்களும் அதுலயே பின்னால ஏறிக்குங்க, எடம் இருக்குதாமா."

பின்னால். பூக்கூடை, தேங்காய்த் தட்டு, சமையல் அண்டா இவற்றோடு மூத்த மாப்பிள்ளை. குழந்தைவேலு முன்னால் உட்கார்ந்து ஓட்டுவான். படம் எடுப்பார்கள். அந்தப் படத்தை ஆல்பத்தில் போடுவார்கள். என் பேரன் பேத்தி வரை பார்ப்பார்கள்.

சொந்தமாக வாங்கிய வண்டி. இரண்டு பேர் சம்பளத்திலும் மிச்சம் பிடித்து, சுகந்தி தன் வளையலை விற்றுப் போட்டு வாங்கியது. அதில் அவள் அப்பா அம்மாவை வைத்து ஓட்டிப்போகிற ஒரு நாள். அதுவும் இல்லையா?

சுகந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ரொம்ப ஆசைங்களா?" என்றாள்.

எனக்கென்ன ஆசை, முறை என்று ஒன்று இருக்கிறதே என்றேன். அவள் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "அதக் கழட்டறதுக்கு எத்தனாம் நெம்பர் ஸ்பேனருங்க?" என்று கேட்டாள். பத்து என்றேன். இப்போதுதான் இவளுக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வருகிறது. அது ஒரு ஆறுதல்.

ஆகஸ்ட் 10, சனி

கம்பெனியில் சரக்குக் கணக்கெடுப்பு. பஸ்ஸில் போனேன், பிரேக் மிதித்து மிதித்துக் கால் வலி. வண்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ உக்கடம் பக்கம் ஒரு கடைக்கு எடுத்துப் போகிறேன் என்றாள் சுகந்தி. வேண்டாம், உன்னால் அந்தப் பவரைத் தாங்க முடியாது என்றேன். "நாலு தெருதானுங்க, மெதுவாப் போறேன்" என்றாள். உக்கடம் எப்போது நாலு தெருவுக்குள் வந்தது என்று கேட்க நேரமில்லை.

நான் வீட்டுக்கு வந்த பிறகும் அவள் வரவில்லை. பொழுது சாயத்தான் வந்தாள். இவ்வளவு நேரமா கழுவினார்கள்? கூட்டமாம். வண்டியின் மேல் புழுதி அப்படியே இருக்கிறது. கழுவத் தெரியாதவர்கள். அவள் நகமெல்லாம் கறுப்பு. பேனா கசிந்ததாம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அதிசயம்! வண்டியைக் கிளப்பினேன். பூனை போல நிற்கிறது. உறுமல் இல்லை. கால் எடுத்தால் நிற்கிறது, மிதித்தால் போகிறது.

இதை நான் எதிர்பார்த்தேன். அந்த வெளிநாட்டுக்காரர் சொல்லியிருக்கிறார், எஞ்சினில் இருக்கிற கம்ப்யூட்டர் புதுக் காற்றுக்குப் பழக இரண்டு வாரம் ஆகும் என்று. சரியாக இரண்டு வாரம். கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டுவிட்டது.

பானெட்டைத் திறந்து பார்க்கலாமா என்று நினைத்தேன். சுகந்தி, "நல்லா ஓடறப்ப எதுக்குங்க?" என்றாள். அதுவும் சரி. ஓடுகிற பம்பைத் திறக்கக் கூடாது என்று கம்பெனியில் நான்தான் போர்டு எழுதி மாட்டியிருக்கிறேன்.

பேனா ஸ்டாண்டில் இருந்த போல்ட்டைக் காணோம். மிருதுளா எங்கோ போட்டிருப்பாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

சுகந்தி அப்பாவிடம் போனில் நெடுநேரம் பேசினாள். "நானாச்சுங்ப்பா, நான் சொல்றனல்ல" என்பது மட்டும் என் காதில் விழுந்தது. பிறகு போனை என்னிடம் கொடுத்தாள். உங்க வண்டியிலயே போயிக்கலாமுங் மாப்ள என்றார் மாமனார்.

என் வேலையின் மேல் கடைசியில் நம்பிக்கை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மூட்டை கட்டுகிறோம். பட்டுவேட்டி, மாலைக்குச் சொன்ன ரசீது, மிருதுளாவின் பாவாடை. சுகந்தி செய்தித்தாளில் சுற்றிய கனமான ஒரு பொட்டலத்தைத் தன் பைக்குள் வைத்தாள். என்ன என்றேன். "அம்மா கேட்ட பூஜை சாமானுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 24, சனி

கோத்தகிரி வந்து சேர்ந்தோம். மலையில் வண்டி கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தது. பனி. தவிர, மூட்டைகள் அதிகம். ஒரு லாரி முந்தியது, ஆனால் அது காலி லாரி.

சுகந்தி வழியெல்லாம் கியரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் வண்டிக்கு மாலை போட்டார்கள். எனக்கும் போட்டார்கள். மாமனார் பட்டுவேட்டியில் புது மாப்பிள்ளை போலவே இருந்தார். மாமியார் வெட்கப்பட்டுக்கொண்டே ஏறினார். சுகந்தி என் பக்கத்தில். மிருதுளா சித்தியோடு குழந்தைவேலுவின் வண்டியில். அவன் முன்னால் போய்விட்டான். நான் சாமியைக் கும்பிட்டு, வண்டியை எடுத்தேன். நெஞ்சு நிறைந்திருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

முதல் கொண்டையூசி வளைவில் வண்டி தட தடவென்று ஆடி நின்றுவிட்டது.

மறுபடி கிளப்பி, வழக்கம்போல மூன்றாவது கியருக்கு மாற்றினேன். ஏறியது, ஆடியது, நின்றது. நின்றதோடு ஒரு முழம் பின்னால் வேறு போனது. மாமியார் "முருகா, முருகா" என்று முன் சீட்டைக் கட்டிக்கொண்டார். மூன்றாம் தடவையும் அதேதான். நல்ல நேரம் முடிய அதிகம் இல்லை. ஏசி ஓடியும் எனக்கு வேர்த்துக் கொட்டியது. கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டதெல்லாம் மறந்துவிட்டதா?

மேலே வளைவில் குழந்தைவேலு வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்தான். நக்கல் செய்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். ரொம்பப் பணிவாகக் குனிந்து ஜன்னலில் கேட்டான். "ஏனுங்ணா, மாமா அத்தைய நான் கூட்டீட்டுப் போயிரட்டுங்களா?"

மாமனார் கதவுப் பக்கம் கையைக் கொண்டுபோனார். அதை நான் கண்ணாடியில் பார்த்தேன். அந்த நிமிஷம் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது சுகந்தி கேட்டாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி: "ஏனுங்க, உங்களுக்குக் கால் பிடிச்சிருச்சுங்களா?"

அவளைப் பார்த்தேன். அவள் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்" என்றேன். "காலையிலிருந்தே."

"அதானுங்களே. எறங்கி இந்தப்பக்கம் வாங்க."

குழந்தைவேலு ஏதோ சொல்ல வாயெடுத்தான். மாமனார் கையைக் காட்டினார். "இருக்கட்டுங் மாப்ள. மூத்த மாப்ள வண்டி, மூத்த மவ ஓட்டறா. முறையில என்ன கொறஞ்சு போச்சு?"

நான் நொண்டிக்கொண்டே சுற்றி வந்து ஏறினேன். எந்தக் கால் என்று தீர்மானிக்கக் கொஞ்சம் நேரமானது. அவள் செருப்பைக் கழற்றி என் காலடியில் போட்டாள். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகினாள். ஏசியை அமத்தினாள். முதல் கியரில் எடுத்தாள், இரண்டாவதுக்கு மாற்றினாள், அங்கேயே வைத்துக்கொண்டாள்.

வண்டி ஏறியது. சும்மா ஏறவில்லை, பாடிக்கொண்டு ஏறியது. நிறுத்தியிருந்த குழந்தைவேலுவின் கப்பலைத் தாண்டும்போது மாமியார் ஜன்னலைத் திறந்து வசந்தாமணிக்குக் கை காட்டினார். மாலையும் கழுத்துமாக. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

"அம்மிணி, நீ எப்பக் கத்துக்கிட்ட?" என்றார் மாமனார்.

"ஞாயித்துக்கெழம சந்தைக்குக் கார்ல போறப்பங்ப்பா. இவுரு எந்திரிக்கறதுக்குள்ள போயிட்டு வந்துருவேன்."

தேங்காய் மூட்டை. பூசணிக்காய். சரி, சரி.

கோவிலுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது எங்கள் வண்டி. தாலி கட்டும்போது மாமனாருக்கு முடிச்சு விழவில்லை, மாமியார் நூலைப் பிடித்துக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

வீடு திரும்பியதும் பந்தி. என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இரண்டாவது பாயசத்துக்குப் பிறகு குழந்தைவேலு, "என்ன இருந்தாலும் வண்டி நல்லா இழுக்குதுங்ணா" என்று சொல்லிவிட்டான். போதாதா? த்ராட்டில் பாடியை எப்படித் தேய்த்தேன், தகட்டை எப்படி மெலிதாக்கினேன், கண்ணாடி போல ஆனதும் காற்று எப்படி வழுக்கிக்கொண்டு போகிறது என்று இலையில் சாதத்தால் ஓட்டை செய்து காட்டினேன். மொத்தப் பந்தியும் கேட்டது. மாமனாரின் பங்காளி ஒருவர் தன் ஜீப்புக்கும் செய்து தர முடியுமா என்று கேட்டார். சுகந்தி ரசம் பரிமாறிக்கொண்டிருந்தாள். என் இலைக்கு வந்தபோது கரண்டி ஒரு கணம் நின்றது. பிறகு ஊற்றிவிட்டுப் போனாள்.

கை கழுவியதும் மாமியார் சொன்னார், திருநீறு எடுத்துக்குங் மாப்ள என்று. பூஜை அறைக்குப் போனேன்.

முருகன் படத்துக்கு முன்னால், குத்துவிளக்குக்கு இடப்பக்கம், வெள்ளி போல மின்னிக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. சந்தனம், குங்குமம். போல்ட் போடுகிற நான்கு ஓட்டைகளிலும் நான்கு ஊதுவத்தி. பக்கவாட்டில் 'தெ.சி.'

அப்படியானால் வண்டியில் இருப்பது எது? வண்டி கழுவ என்று சுகந்தி போன உக்கடத்தில், பழைய வண்டிச் சாமான் விற்கிற இரும்புக் கடைகளில் கிடைக்காதது ஒன்று உண்டா? கம்ப்யூட்டர் பாவம், ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. அது பழைய பாடத்துக்கே திரும்பியிருக்கிறது.

பின்னால் வளையல் சத்தம் கேட்டது. சுகந்தி வந்து பக்கத்தில் நின்றாள். நான் திரும்பவில்லை. பந்தியில் நான் அளந்த அளப்பு முழுவதையும் இவள் ரசக் கரண்டியோடு கேட்டிருக்கிறாள். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக, இவள் எனக்கு வாய்த்தாளே என்று இருந்தது.

"இது..." என்றேன்.

"நீங்க சொன்னது நெசந்தானுங்க" என்றாள். குரலில் கேலி இருந்ததா என்று சத்தியமாகத் தெரியவில்லை. "நல்லாக் காத்துப் போகுது. பொகை எப்புடி நேரா மேல போகுது பாருங்க."

பார்த்தேன். நேராகத்தான் போனது.

ஆகஸ்ட் 26, திங்கள்

கிளம்பும்போது குழந்தைவேலு தன் வண்டிக்கும் அந்த வேலையைச் செய்து தரச் சொன்னான். உன் வண்டிக்கு அது ஒத்துவராது என்று சொல்லிவிட்டேன். மாமனாரின் பங்காளிக்கும் அதே பதில்.

பத்திரிகை அட்டையில் வெட்டிய கேஸ்கெட்டைச் சுகந்தி தன் கைப்பையில் பத்திரமாக வைத்திருக்கிறாள். நடுவில் பெரிய ஓட்டை, ஒரு ஓரத்தில் நாச்சிமுத்து, மறு ஓரத்தில் ராமாத்தாள். அப்பாவிடம் காட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள்.

மலையிலிருந்து கோயமுத்தூர் வரை அவள்தான் ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். பதினோரு வருடத்தில் முதல்முறையாகப் பள்ளத்தாக்கைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது.

எனக்கு இன்னும் காலில் பிடிப்பு விடவில்லை. இது சரியாகச் சில வருடங்கள் ஆகும் என்று நினைக்கிறேன்.